சிக்கிமுக்கிக் கல்: சுண்ணாம்பு நாட்டில் ஒரு விருந்தாளி

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பிறந்து வளர்ந்தோருக்குக் கல் புதிய பொருளன்று. கிணறு வெட்டினாற் கல். அத்திவாரம் தோண்டினாற் கல். தோட்டத்தைக் கொத்தினால் மண்வெட்டியின் முனையிற் கல். வேலியோரத்திற் குவிந்து கிடப்பதும் கல்லே; மதிலாக எழுந்து நிற்பதும் கல்லே. இத்தனை கல்லின் நடுவே வாழும் நாம், காலடியிற் கிடப்பது யாது கல் என்று கேட்டால் இரண்டே விடைகளுடன் அமைந்து விடுகிறோம். வெண்மையாயின் சுண்ணாம்புக் கல், கருமையாயின் கருங்கல். இவ்விரண்டிலும் அடங்காத கல்லொன்று எதிர்ப்பட்டால், கையில் எடுத்து ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு எறிந்து விடுகிறோம்.

அவ்வாறு எறியப்படுங் கற்களுள் ஒன்றைப் பற்றியே இங்கே சொல்லப் புகுகின்றோம். சிக்கிமுக்கிக் கல் என்னும் பெயரை அறியாத தமிழர் இலர். நெருப்புப் பெட்டி தோன்றுவதற்கு முன்னர் அடுப்பை மூட்டிய கல் அது. விஞ்ஞான நூல்கள் அதனைச் 'செர்ட்' என்றும், அதன் கருநிற வகையைப் 'பிளின்ட்' என்றும் வழங்குகின்றன. சிலிக்கா என்னும் பொருளாலே பெரும்பாலும் ஆன அடையற்பாறை இது. உலகின் பல பாகங்களில் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. ஆனால், குடாநாட்டின் மண்ணிலே அது தனியாகக் கிடக்கக் கண்டால், "நீ இங்கேயே பிறந்தாயா, அன்றி உன்னை யாரேனும் கொண்டுவந்தனரா?" என்று அதனைக் கேட்க வேண்டியவர்களாகிறோம். அக்கேள்விக்கு விடை பெறுமுன், அது உண்மையிற் சிக்கிமுக்கிக் கல்தானா என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும்.

நம் காலடியில் உள்ளது யாது?

குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக் கல்லாகும். மயோசீன் என்பது இற்றைக்கு ஏறக்குறைய 230 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வரை நீடித்த காலம். அக்காலத்து ஆழமற்ற கடலில் வாழ்ந்த உயிரினங்களின் ஓடுகளும் கூடுகளும் அடைந்து இறுகியதே இக்கல். கீரிமலையிலும் காங்கேசன்துறையிலும் இதனைக் கண்ணாரக் காணலாம். 1950ஆம் ஆண்டிற் காங்கேசன்துறையிலே சீமெந்துத் தொழிற்சாலை அமைந்ததும் இக்கல்லை நம்பியே.

கருங்கல்லோ குடாநாட்டின் நிலத்திலே எங்கும் தலைகாட்டுவதில்லை. நம் பாட்டிமார் அரைத்த அம்மியும், மாவாட்டிய ஆட்டுக்கல்லும், கோயிலின் கருங்கல் மூர்த்தங்களும் கடல் கடந்தோ வன்னிப் பெருநிலம் கடந்தோ வந்தவையே. ஒவ்வொரு வீட்டு அடுக்களையிலும் வெளியூர்க் கல்லொன்று நெடுங்காலம் குடியிருந்திருக்கிறது. நாம்தாம் அதனை வெளியூர்க் கல் என எண்ணவில்லை.

சிலிக்கா குடாநாட்டில் அறவே இல்லையோ எனின், அப்படியும் அன்று. மணற்காட்டு மணற் குன்றுகளையும், அம்பன், வல்லிபுரம் பகுதிகளின் வெண்மணலையும் பாருங்கள். அம்மணலின் பெரும்பகுதி குவாட்சு என்னும் கனிப்பொருள். குவாட்சு என்பது படிகமான சிலிக்காவே. அம்பன், வல்லிபுரம் மணல் சிலிக்கா மிக்கதென நிலவியலாளர் கணித்துள்ளனர். ஆகவே, சிலிக்கா நம் வாயிலில் மணலாகக் குவிந்து கிடக்கிறது. கெட்டியான பாறையாக நம் நிலத்தின் மேலே விரிந்து கிடக்கவில்லை.

நிறம் பொய் சொல்லும்

கல்லை அறியப் புகுவோர் முதலிற் செய்யும் பிழை, நிறத்தை நம்புவது. சிக்கிமுக்கிக் கல் கறுப்பாகவும் இருக்கும். சாம்பல், பழுப்பு, மஞ்சள், வெள்ளை நிறங்களிலும் இருக்கும். இரும்புச் சத்துக் கலந்தாற் செந்நிறம் பெற்று 'ஜாஸ்பர்' என்று பெயர் மாறும். மேற்பரப்பிலே சுண்ணாம்பு போன்ற வெண்ணிறத் தோல் போர்த்திருப்பதும் உண்டு.

நிறையும் உதவாது. ஒரே பருமனுள்ள நீரைவிடச் சுண்ணாம்புக் கல்லின் கனிப்பொருளாகிய கல்சைற்று 2.71 மடங்கு நிறையுடையது, குவாட்சு 2.65 மடங்கு. இவ்வேறுபாட்டைக் கையிற் தூக்கிப் பார்த்து அறிந்தேன் என்பார் கூற்றை நாம் நம்ப வேண்டியதில்லை.

நம்பத்தக்க சோதனைகள் நான்கு. அவற்றுக்கு வேண்டிய கருவிகள் எவ்வீட்டிலும் உள்ளன.

முதலாவது, முறிவைப் பார்த்தல். சிக்கிமுக்கிக் கல் உடைந்த இடம் வழவழப்பாக, சிப்பியின் உட்புறம் போல வளைந்து, அலை அலையான வரைகளுடன் இருக்கும். தடித்த கண்ணாடிப் போத்தல் உடைந்த விளிம்பை நினைவிற் கொள்க. விளிம்பு கூர்மையாயிருக்கும், கையை வெட்டவுங் கூடும். கண்ணுக்குத் தெரியும் மணிகளாகக் கல் அமைந்திருப்பின், அது சிக்கிமுக்கி அன்று. மணல் மணியாகத் தட்டுப்பட்டு விரலில் உரசினால், அது மணற்கல்லாதல் கூடும். மணற்கல்லும் சிலிக்கா மிக்க அடையற்பாறையே. சிக்கிமுக்கிக்கு அண்ணன் முறை என்னலாம்.

இரண்டாவது, கீறிப் பார்த்தல். கனிப்பொருள்களின் வன்மையை ஒன்று முதற் பத்து வரை வரிசைப்படுத்தியவர் மோ என்னும் அறிஞர். அவ்வரிசையிற் கல்சைற்றின் இடம் 3. குவாட்சின் இடம் 7. சாதாரணக் கத்தியின் உருக்கும் சன்னற் கண்ணாடியும் ஏறக்குறைய ஐந்தரை. ஆகவே, கத்தி முனை சுண்ணாம்புக் கல்லைக் கீறி வெண்பொடி உதிர்க்கும். சிக்கிமுக்கியிலோ கத்திதான் தேயும். தேய்ந்த உருக்கு, கல்லின்மேற் சாம்பல் நிறக் கோடாகப் படியும். அதனைக் கீறல் என மயங்காது, விரலை நனைத்துத் துடைத்துப் பார்க்க. திருப்பி, கல்லின் முனையாற் பழைய போத்தலொன்றைக் கீறினால் ஆழமான கோடு விழும்.

மூன்றாவது, புளியிட்டுப் பார்த்தல். அரைத் தேசிக்காயைக் கல்லின்மேற் பிழிக; அல்லது வினாகிரி சில துளி விடுக. சுண்ணாம்புக் கல்லாயின் நுண்ணிய குமிழிகள் எழும். அது கல்சியம் காபனேற்றுக் கரைந்து காபனீரொட்சைட்டு வாயு வெளிப்படுவதன் அடையாளம். பொங்குதல் மெதுவாயிருந்தாற் கல்லைச் சுரண்டிப் பொடியின்மேல் விடுக. சிக்கிமுக்கி எப்புளிக்கும் மசியாது. ஆயினும் அதன் மேற்றோலிற் சுண்ணாம்பு ஒட்டியிருந்தால் அது பொங்கி நம்மை ஏமாற்றும். உடைந்த புதிய முகத்திலேயே சோதித்தல் வேண்டும்.

இச்சோதனையில் மாணவர்க்கு வியப்பூட்டும் கல் ஒன்றுண்டு. கடற்கரையிற் கிடக்கும் மணற்பாங்கான கற்கள் சில, பார்வைக்கு மணற்கல்லாயிருந்தும் புளி பட்டதும் பொங்கும். அவற்றிலே மணி சிலிக்கா, பசை சுண்ணாம்பு. சிறு துண்டொன்றைக் கண்ணாடிக் குவளையில் வினாகிரியில் ஊறவிட்டால், வினாகிரியை மாற்றி மாற்றி விட விடப் பசை கரைந்து மணல் அடியிற் தங்கும். ஒரே கல்லினுள் இரண்டு பாறைகளின் இயல்பையும் அக்குவளை காட்டிவிடும்.

நான்காவது, பொறி எழுப்பிப் பார்த்தல். இருண்ட இடத்திலே பழைய அரத்தின் விளிம்பில் கல்லின் கூரிய முனையை உராய்ந்து அடித்தாற் பொறி பறக்கும். இப்பொறி கல்லிலிருந்து பிறப்பதென்று பலரும் நினைக்கின்றனர். அது கல்லின் நெருப்பன்று, உருக்கின் நெருப்பு. வன்மை மிக்க கல், உருக்கிலிருந்து நுண்ணிய துகளைச் செதுக்குகிறது. உராய்வாற் சூடேறிய அத்துகள் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து எரிகிறது. இன்று சிகரெட் லைட்டரிலே 'கல்' என்று நாம் வாங்கிப் போடுவதோ கல்லே அன்று. 1903ஆம் ஆண்டில் ஒஸ்திரிய நாட்டு இரசாயனர் ஆவர் வொன் வெல்ஸ்பாக் உரிமை பெற்ற ஓர் உலோகக் கலவை. கண்ணைக் காக்கும் கண்ணாடி அணியாமலும், பெரியோர் அருகில் இல்லாமலும் மாணவர் கல்லை அடித்துப் பார்த்தல் ஆகாது.

ஒரு சோதனையிலே தேறிய கல்லைச் சிக்கிமுக்கி என முடிவு கட்டுதலும் தவறு. எமது வகுப்பறைக்கு மாணவர் ஆவலோடு கொண்டு வருங் கற்களிற் பல, தெருவிற்குப் பரப்பிய சல்லிக்கல்லாகவும், கொல்லன் உலைக் கசடாகவும், கடலலை உருட்டிய போத்தற் துண்டாகவும் முடிந்திருக்கின்றன. போத்தற் துண்டு சிப்பி முறிவிலே தேறும். ஆனால் வன்மையிற் தோற்கும். உற்று நோக்கினால் உள்ளே காற்றுக் குமிழியும் தெரியலாம். நான்கு வாயிலையும் கடந்து வந்த கல்லே நாம் தேடுங் கல்.

கடலடியிற் பிறந்த கதை

கடல் நீரிலே கரைந்துள்ள சிலிக்கா மிகச் சொற்பம். பத்து இலட்சம் பங்கு நீரிற் சில பங்கே. அச்சொற்பத்தையும் விடாது திரட்டிக் கூடு கட்டும் உயிரினங்கள் உள்ளன. டயட்டம் என்னும் நுண் பாசிகளும், ரேடியோலாரியா என்னும் ஓரணு உயிர்களும், கடற்பஞ்சுகளும் அத்தகையன. சிப்பியும் சங்கும் முருகையும் சுண்ணாம்பாற் கூடு சமைக்க, இவை கண்ணாடி போன்ற சிலிக்காவாற் சமைக்கின்றன.

இவ்வுயிர்கள் மடிந்ததும் கூடுகள் கடலடிச் சேற்றில் விழுகின்றன. அங்கே சிலிக்கா மெல்லக் கரைந்து சேற்று நீரோடு ஊர்ந்து, ஏற்ற இடத்திலே மீண்டும் படிகிறது. சுண்ணாம்புச் சேற்றினூடே அவ்வாறு படியும்போது, சுண்ணாம்பை அகற்றிவிட்டு அதன் இடத்தைத் தான் பிடித்துக்கொள்வதுமுண்டு. முதலில் நீர் கலந்த உருவற்ற சிலிக்காவாயிருந்து, பல இலட்சம் ஆண்டுகளில் நுண்ணிய குவாட்சாக மாறுகிறது. அக்குவாட்சு மணிகள் வெறுங் கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியன. எத்திசையிலும் ஒரே சீராகப் பின்னிக் கிடப்பன. பிளவுக்கு வழிகாட்டும் தளம் ஏதும் இல்லாமையால், அடித்த அடியின் அலை கல்லினூடே வளைந்து ஓடுகிறது. சிப்பி போன்ற முறிவின் இரகசியம் இதுவே.

இங்கிலாந்தின் டோவர்க் கரையிலே சீமைச்சுண்ணாம்புக் குன்றுகளின் வெண்முகத்திற் கருங் கட்டிகள் வரிசை வரிசையாகப் பதிந்திருப்பதைப் படங்களிற் பலர் கண்டிருப்பர். அக்கட்டிகளே பிளின்ட். சுண்ணாம்புக் கல்லும் சிக்கிமுக்கியும் ஒரே வீட்டிற் பிறக்கக் கூடியன என்பதற்கு அது சான்று.

பிறப்பு ஒன்றாயினும் குணம் வேறு. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டை ஏற்று மென்மையான அமிலமாகிறது. அது சுண்ணாம்புக் கல்லைக் கரைத்து வெடிப்பும் குகையும் ஆக்குகிறது. புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியின் ஊற்றும் அக்கரைதலின் பயனே. வற்றாத ஆறில்லாத குடாநாட்டுக்கு நல்ல நீர் தருவது இக்கல்லின் வெடிப்புக்களே. தோட்டத்துக்கு இடும் உரத்தின் நைத்திரேற்றும் மலக்குழியின் கசிவும் வடிகட்டப்படாமற் கிணற்றுக்கு வந்து சேர வழிவிடுவதும் அவ்வெடிப்புக்களே. மணலும் மணற்கல்லும் நீரை நுண்ணிய துளைகளினூடே அரித்து விடுவன. சுண்ணாம்புக் கல்லோ வாய்க்கால் போல ஓடவிடுவது. காலடிக் கல் எதுவென்று அறிவது வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதற்கு நம் கிணற்று நீரே சாட்சி.

சிக்கிமுக்கியை இம்மழை எளிதில் வெல்லாது. சுற்றிலும் உள்ள சுண்ணாம்பு கரைந்தொழிந்த பின்னரும் அது மண்ணிலே தங்கும். அடுப்புக் கரியும் ஓலையும் மரமும் அழிந்த பின்னரும், மனிதன் கைபட்ட சிக்கிமுக்கித் துண்டு அழியாது கிடக்கும். அதன் அருமை அங்கேதான் தொடங்குகிறது.

கொண்டுவந்தவர் யார்?

குடாநாட்டு மண்ணில் நான்கு சோதனையும் தேறிய கல்லொன்று கிடைத்ததென வைத்துக்கொள்வோம். அது வந்த வழி மூன்றில் ஒன்றாயிருக்கலாம்.

முதல் வழி, இயற்கை. கட்டி சுண்ணாம்புப் பாறையினுள்ளேயே பதிந்து, சுற்றுப் பாறையோடு ஒட்டியிருப்பின் அது இவ்விடத்ததே; மனிதன் கொண்டுவந்ததென வாதிக்க இடமில்லை.

இரண்டாவது வழி, அண்மை நூற்றாண்டுகளின் கப்பல். ஐரோப்பியக் கப்பல்கள் ஆட்டமின்றி ஓடுவதற்காக அடித்தட்டிற் கல் நிரப்பிச் செல்வது வழக்கம். பாரமாக ஏற்றிய பிளின்ட் கற்கள் உலகின் பல துறைமுகங்களிற் கொட்டப்பட்டன. அன்றியும், பழைய துப்பாக்கிகளின் விசையிலே பொறி எழுப்பப் பிளின்ட் துண்டுகளே பொருத்தப்பட்டன. யாழ்ப்பாணக் கோட்டை 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் வசமும், 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வசமும் ஆயிற்று. அவ்விரு படைகளும் அத்தகைய துப்பாக்கிகளைத் தாங்கியவையே. தீக்குச்சிப் பெட்டியினும் சிறிதாய், தட்டையாய், சதுரமாய்ச் செதுக்கிய துண்டு கோட்டைப் புறத்திற் கிடைப்பின், இவ்வழியையே முதலில் நினைத்தல் வேண்டும்.

மூன்றாவது வழி, பழங்கால மனிதன். இலங்கையில் அவனுடைய கற்கருவிகளை அடையாளங் கண்டோருட் பவுல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டு உறவினர் இருவர் முன்னோடிகள். அவர்கள் இங்கு ஆய்ந்த ஆண்டு 1907. பாகியன்கலைக் குகையின் சிறு கற்கருவிகள் ஏறக்குறைய 48,000 ஆண்டுப் பழமை உடையன எனப் பிற்கால ஆய்வு காட்டிற்று. இலங்கைக் கருவிகளிற் பெரும்பாலானவை குவாட்சால் ஆனவை, செர்ட் சிறுபான்மை. கடலுக்கு அப்பால், திருநெல்வேலிச் சீமையின் செம்மணற் தேரிகளிலே செர்ட், குவாட்சுச் சிறு கருவிகள் கிடைத்தமையை சொய்னர், ஆல்சின் என்னும் ஆய்வாளர் இருவர் 1956ஆம் ஆண்டில் விரிவாக வெளியிட்டனர். தெற்கே வன்னியின் இரணைமடுப் படிவு, பழங்காலக் கருவிகளுக்குப் பெயர் பெற்றது. இவ்விரண்டுக்கும் இடையே கிடப்பது நம் குடாநாடு.

பிற்காலத்திலும் சிலிக்காக் கற்கள் இங்கு வந்தன. 1970ஆம் ஆண்டிற் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலையினர் அகழ்ந்த கந்தரோடை, சூதுபவள மணிகள் கிடைத்த இடம். சூதுபவளமும் நுண்மணிச் சிலிக்காவே. சுண்ணாம்பு நாட்டில் விளையாத அம்மணி வணிகத்தின் வழியே வந்ததாதல் வேண்டும்.

மனிதன் செதுக்கியதா, இயற்கை உடைத்ததா என்று பிரிப்பதற்கும் குறிகள் உண்டு. அடித்த புள்ளிக்குக் கீழே மெல்லிய புடைப்பு ஒன்று எழும். அப்புள்ளியில் அடியைத் தாங்கிய சிறு தட்டை முகம் இருக்கும். விளிம்பு நெடுகச் சிறு சிறு செதில்கள் ஒரே திசையில் வரிசையாக எடுக்கப்பட்டிருக்கும். இவற்றுள் ஒன்று தற்செயலாக அமையலாம். மூன்றும் ஒருங்கே அமைந்த துண்டுகள் பல ஓரிடத்திற் கிடப்பின், அங்கே ஒருவன் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறான்.

1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், சென்னையை அடுத்த பல்லாவரத்திலே சரளை தோண்டிய குழியொன்றில் இராபர்ட் புரூஸ் புட் என்னும் நிலவியலாளர் கண்டெடுத்ததும் ஒரு கல்லே. மணற்கல் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுகி உண்டாகும் குவாட்சைற்று என்னும் கல்லாற் செதுக்கப்பட்ட கருவி அது. இந்தியாவின் பழங்கற்கால ஆராய்ச்சி அக்குழியிலிருந்தே தொடங்கிற்று. அக்குழியில் வேலை செய்தவர்கள் அத்தகைய கற்களை எத்தனை முறை அள்ளிக் கொட்டியிருப்பர்! புட் செய்த புதுமை, கல்லை நின்று பார்த்ததே.

இடம் பிரிந்த கல் ஊமை

இன்று குடாநாட்டிலே வீடுகள் எழுகின்றன, தெருக்கள் அகலுகின்றன, கல்லும் மண்ணும் பாரவூர்திகளில் ஊர் விட்டு ஊர் செல்கின்றன. ஒரு பகுதியின் மண் மற்றொரு பகுதியிற் கொட்டப்பட்டபின், அதனுள் இருந்த சிறு துண்டு எவ்வூரின் சான்று என்று எவர் சொல்வார்? கல் அழியவில்லை, அதன் இடம் அழிந்துவிட்டது. இடம் பிரிந்த கல் ஊமை.

ஆகவே, மாணவர் கடைப்பிடிக்க வேண்டியன இவை. கிடந்த இடத்திலேயே கல்லை வைத்து, அருகில் ஓர் அடிக்கோலை வைத்துப் படம் எடுக்க. ஊர், காணி, ஆழம், மண்ணின் நிறம், நாள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுக. செதுக்கிய குறிகள் தென்பட்டாற் கீறியும் அடித்தும் சோதிக்காது விடுக. அச்சோதனைகள் குறியற்ற கல்லுக்கே உரியன. தோண்டத் தொடங்க வேண்டா. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, தொல்பொருள் கிடைத்தால் அறிவித்தல் கடமை. தொல்பொருட் திணைக்களத்தாருக்கோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொல்லியற் பகுதியினருக்கோ சொல்லுக. பழம்பொருள்களைக் கண்ணாற் கண்டு பழக விரும்புவோர் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருட் காட்சிச்சாலைக்கு ஒருமுறை பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை காற்சட்டைப் பையிற் கல்லோடு வந்தால், "இந்தக் குப்பையை எங்கே பொறுக்கினாய்?" என்று கடிந்து எறிந்து விடாதீர்கள். அதே வினாவைக் கடுமை நீக்கிக் கேளுங்கள்: எங்கே பொறுக்கினாய்? எவ்வளவு ஆழத்தில்? பக்கத்தில் வேறு என்ன கிடந்தது? தேசிக்காய் ஒன்றும் பழைய கத்தி ஒன்றும் கொடுத்து உடனிருந்து பாருங்கள். பத்துக் கல்லில் ஒன்பது, நம் ஊர்ச் சுண்ணாம்புக் கல்லாகப் பொங்கி அடங்கும். பத்தாவது கல் பொங்காமலும் கீறுபடாமலும் நின்றால், அதன் கதையைக் கேட்க நமக்குக் காரணம் கிடைத்துவிட்டது.